எந்தக் கொரோனா என்று அந்த அம்மா கேட்டார்

2021 ஜூன் மாதம், கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் வசிக்கும் லைன் வீடுகளுக்கு முன்னால் மேசை போட்டுச் சளி மாதிரி எடுத்துக்கொண்டிருந்தோம். மழை என்று சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் போட்டிருந்த பாதுகாப்பு உடையின் மேல் முத்து முத்தாக நீர் கோக்கும் அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து நேரே வரிசைக்கு வந்திருந்த, அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, மூக்கில் விட்ட குச்சியை நான் வெளியே எடுத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, எனக்கு வந்திருந்தா அது எந்தக் கொரோனான்னும் எழுதித் தருவீங்களா? டிவியில என்னென்னமோ பேர் சொல்றாங்களே."

"இருக்கா இல்லையான்னு மட்டும்தாம்மா வரும்" என்றேன்.

"அப்ப எந்தக் கொரோனான்னு யாருதான் பாக்குறாங்க?"

அன்று அவருக்குப் பின்னால் முப்பது பேர் நின்றிருந்தார்கள். பதில் சொல்லாமல் அடுத்தவரை அழைத்துவிட்டேன். நீலகிரியில் அரசு ஆய்வகம் ஒன்றில் லேப் டெக்னீசியனாக வேலை செய்பவன் நான். அந்தக் கேள்விக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இத்தனை ஆண்டுகள் கழித்தாவது முழுமையாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால், உருமாறிய கொரோனாவைப் பற்றிச் சென்னையும் தில்லியும் ஜெனீவாவும் சொல்கிற ஒவ்வொரு செய்தியும், இதுபோன்ற ஏதோ ஒரு மேசையில், ஏதோ ஒருவர் மூக்கிலிருந்து எடுத்த குச்சியில்தான் தொடங்குகிறது. அந்தத் தொடக்கத்தில் செய்யும் பிழையைப் பின்னால் எவ்வளவு பெரிய இயந்திரத்தாலும் திருத்த முடியாது என்பதை நான் என் கையால் செய்த பிழையிலிருந்து தெரிந்துகொண்டேன்.

நாங்கள் செய்கிற ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை, வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கதவைத் தட்டிப் பார்ப்பதைப் போன்றது. வைரஸின் மரபணுவில் இரண்டு அல்லது மூன்று இடங்களை மட்டும் அது தேடுகிறது. அவை கிடைத்தால் தொற்று இருக்கிறது என்று பொருள். உள்ளே இருப்பவர் எந்தக் குடும்பம், எங்கிருந்து வந்தவர் என்பதை அறிய வேண்டுமானால் மரபணு முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். கொரோனா வைரஸின் மரபணு ஆர்.என்.ஏ.வால் ஆனது, ஏ, சி, ஜி, யு என்ற நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. வூஹானில் கிடைத்த மாதிரியிலிருந்து படிக்கப்பட்டு, உலகம் முழுவதும் இன்றுவரை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளும் மூலப் பிரதியில் 29,903 எழுத்துகள் உள்ளன. சீன அறிவியலாளர் சாங் யோங்சென்னின் குழு படித்த அந்த வரிசை 2020 ஜனவரி 11-ஆம் தேதி இணையத்தில் எல்லாருக்கும் கிடைக்கும்படி வெளியிடப்பட்டது. நோயைக் கண்டறியும் சோதனைகளையும் தடுப்பூசிகளையும் வடிவமைக்கும் வேலை உலகின் பல மூலைகளில் அதன் பிறகுதான் தொடங்கியது.

வைரஸ் நம் உயிரணுக்குள் புகுந்து தன்னைப் பிரதி எடுக்கும்போது சில இடங்களில் எழுத்துப் பிழை விழுகிறது. கொரோனா வைரஸிடம் பிழை திருத்தும் நொதி ஒன்று இருப்பதால் இன்ஃபுளுவென்சாவை விட மெதுவாகத்தான் அது மாறுகிறது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்று தொடரும் தொற்றுச் சங்கிலியில் மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு எழுத்துகள் மாறுகின்றன என்பது முதல் ஆண்டுகளில் கண்ட கணக்கு. பெரும்பாலான மாற்றங்களால் எந்த விளைவும் இல்லை. ஆனால் ஒரு பிழை விழுந்துவிட்டால் அது அடுத்த பிரதிகளுக்கும் போகும் என்பதால், எந்தெந்த மாதிரிகள் ஒரே பிழைகளைச் சுமக்கின்றன என்று பார்த்தே அவற்றுக்கு இடையிலான உறவு முறையைச் சொல்லிவிடலாம். எப்போதாவது ஒரு மாற்றம், வைரஸ் நம் உயிரணுவைப் பற்றிக்கொள்ளும் ஸ்பைக் புரதத்தில் நேர்ந்து, அதற்குச் சாதகமாக அமைந்துவிடுகிறது. அந்தப் புரதத்தில் 1,273 அமினோ அமிலங்கள் உள்ளன. டெல்டாவைப் பற்றிய செய்திகளில் எல்452ஆர் என்று படித்திருப்பீர்கள். அந்த வரிசையில் 452-ஆவது இடத்தில் லூசின் இருக்க வேண்டியதற்குப் பதிலாக ஆர்ஜினின் வந்து அமர்ந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

இதை ஒரு நாடு முழுவதற்கும் ஒழுங்காகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதை முதலில் காட்டியவர்கள் பிரிட்டன்காரர்கள். 2020 மார்ச்சிலேயே அங்கே மரபணுப் படிப்புக்கென்று ஒரு கூட்டமைப்பு உருவானது. அதனால்தான் டிசம்பரில் தென்கிழக்கு இங்கிலாந்தில் தொற்று அளவுக்கு மீறிக் கூடியபோது, பழைய மாதிரிகளைப் புரட்டி, பின்னர் ஆல்ஃபா என்று பெயர் பெற்ற வகை செப்டம்பர் 20-ஆம் தேதி எடுத்த மாதிரியிலேயே இருந்ததை அவர்களால் காண முடிந்தது. அதே டிசம்பரில் இந்தியாவில் 10 ஆய்வகங்களைச் சேர்த்து இன்சாகாக் என்ற கூட்டமைப்பு அமைக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வருவோரில் தொற்று உள்ள அனைவரின் மாதிரிகளையும், மாநிலங்களில் தொற்று உறுதியானவற்றில் 100-க்கு 5 மாதிரிகளையும் படிப்பது என்பது அதன் முதல் திட்டம். 2021 மார்ச் 24-ஆம் தேதி, மகாராஷ்டிர மாதிரிகளில் இரட்டை மாற்றம் கொண்ட வகை கூடிவருவதாக மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. அந்தக் குடும்பத்தின் ஒரு கிளைதான் டெல்டா. அடுத்த இரண்டு மாதங்களில் என்ன நடந்தது என்பதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன்.

கொரோனா வந்த தொடக்கத்தில் நீலகிரி மாதிரிகள் எல்லாம் சோதனைக்குக் கோவைக்கு இறங்கின. பிறகு மலையிலேயே சோதனை செய்ய முடிந்தது. ஆனால் மரபணுவைப் படிப்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே மாதிரிகள் பெங்களூருக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. தொற்று உறுதியான எல்லா மாதிரிகளையும் அனுப்ப முடியாது. அனுப்ப வேண்டியதைத் தீர்மானிப்பது சி.டி. மதிப்பு என்ற எண். சோதனை இயந்திரம் மரபணுத் துண்டை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போகிறது. எத்தனையாவது சுற்றில் வைரஸ் கண்ணுக்குப் படுகிறதோ அதுதான் சி.டி. மதிப்பு. சுற்று குறைவென்றால் மாதிரியில் வைரஸ் அதிகம். 25 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் மரபணு முழுவதையும் நம்பிக்கையாகப் படிக்கலாம் என்பதால், நாங்கள் பட்டியலில் 25-ஐத் தாண்டியவற்றைக் கழித்துவிட்டு மீதியிலிருந்து எடுப்போம்.

இது சரியான விதிதான். ஆனால் மலையில் இந்த விதி யாரைக் கழிக்கிறது என்பதைப் பட்டியலைக் கையில் வைத்திருந்த எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. நோய் தொடங்கும் நாட்களில் மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் மிகுந்திருக்கும். ஒரு வாரம் கடந்தால் குறைந்துவிடும். ஊட்டி நகரத்தில் இருப்பவர் காய்ச்சல் வந்த மறுநாளே சோதனைக்கு வந்துவிடுவார், அவருடைய மதிப்பு 18, 20 என்று இருக்கும். வண்டி போகாத ஒரு குறும்பர் குடியிருப்புக்கோ பணியர் பாடிக்கோ எங்கள் குழு போய்ச் சேரும்போது ஏழாம் நாளோ எட்டாம் நாளோ ஆகியிருக்கும். மதிப்பு 30-ஐத் தாண்டியிருக்கும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொன்மைப் பழங்குடியினர் வாழும் மாவட்டத்தில், அவர்களிடையே பரவியது எந்த வகை என்ற கேள்விக்கு எங்கள் பட்டியலிலிருந்து பதில் சொல்லவே முடியாத நிலை இப்படித்தான் உண்டானது. அவர்களை யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. ஆனால் போய்ச்சேரத் தாமதமானால் கண்காணிப்பிலும் இடமில்லை என்று ஆகிவிட்டது. இதை நான் இன்றும் மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

சரி, என் பிழையைச் சொல்ல வேண்டும்.

மாதிரிக் குச்சியின் நுனி, இளஞ்சிவப்பு நிறத் திரவம் நிரம்பிய விரல் நீளக் குப்பிக்குள் ஒடித்துப் போடப்படுகிறது. வைரஸின் மரபணு சிதையாமல் காக்கும் அந்தத் திரவத்தை நாங்கள் வி.டி.எம். என்போம். குப்பியை மூடி, மூடியைச் சுற்றி மெழுகு நாடா இழுத்து ஒட்டி, ஒரு உறைக்குள் இட்டு, அதை இன்னொரு கெட்டியான டப்பாவுக்குள் வைத்து, அதைக் குளிர்க்கட்டிகள் அடுக்கிய பெட்டியில் வைக்க வேண்டும். மூன்று அடுக்கு இல்லாமல் எந்தக் குப்பியும் ஆய்வகத்தை விட்டு வெளியேறக் கூடாது. சோதனை முடிந்து தொற்று உறுதியானவை மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் காத்திருக்கும். அனுப்புகிற நாளில் அவற்றை வெளியே எடுத்தால், எங்கள் ஊர்க் காற்றின் ஈரம் நொடியில் குப்பியின் மேல் வெண்பனியாகப் படியும். அது உருகி நீராகும். அந்த ஜூலை மாதக் காலையில் பத்துப் பன்னிரண்டு குப்பிகளை வெளியே எடுத்தேன். மேற்புறத்தைக் கிருமி நீக்கம் செய்ய வேண்டும் என்ற விதிப்படி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றையும் துடைத்தேன். வாகனம் கீழே நின்றுகொண்டிருந்தது; குன்னூர்ப் பாதையில் மரம் விழுந்திருப்பதாகச் சொன்னதால் ஓட்டுநர் அவசரப்படுத்தினார். இரண்டு குப்பிகளைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது பஞ்சு நீலமாக இருந்தது. ஒட்டுத்தாள் தீர்ந்துபோனதால் அந்த முகாமில் குப்பியின் மேலேயே மார்க்கர் பேனாவால் எண் எழுதியிருந்தோம். நீருக்கு அழியாத அந்த மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் துடைத்தேன்.

பட்டியலில் மீதமிருந்த இரண்டு எண்களும் அந்த லைன் வீடுகளைச் சேர்ந்தவை. ஒன்று, கேள்வி கேட்ட அந்த அம்மாவுடையது. எது எவருடையது என்று சொல்ல வழியில்லை. இரண்டுமே ஒரே ஊர்தானே, ஒரே நாள்தானே, அனுப்பிவிட்டால் என்ன என்று அருகிலிருந்தவர் கேட்டார். அனுப்பவில்லை. வயது, பாலினம், நோய் தொடங்கிய நாள், தடுப்பூசி போட்டாரா, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாரா என்ற விவரங்களோடு சேர்ந்தால்தான் அந்த 29,903 எழுத்துகளுக்குப் பொருள் உண்டு. தடுப்பூசி போட்டவரைத் தாக்கிய வகையா, போடாதவரைத் தாக்கிய வகையா என்பதைத் தவறாகச் சொல்லிவிடக்கூடிய ஒரு குப்பி, அனுப்பாமல் விட்ட குப்பியை விடக் கெடுதலானது. அந்த இரண்டையும், உயர்வெப்ப நீராவியால் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவில் இட்டு அழித்தேன். அந்த அம்மா நலமாகத்தான் இருந்தார். இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டதாக ஊர்ச் செவிலியர் சொன்னார்.

பெங்களூரிலோ, 2021 செப்டம்பர் 14-ஆம் தேதி முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னையில் தொடங்கிவைத்த மாநில அரசின் சொந்த மரபணு ஆய்வகத்திலோ குப்பி போய்ச் சேர்ந்த பிறகு நடப்பது வேறு விதமான பொறுமை வேலை. முதலில் ஆர்.என்.ஏ.வைப் பிரித்து டி.என்.ஏ. பிரதியாக மாற்றுவார்கள். மரபணுவை ஒரே இழையாகப் படிக்க முடியாது என்பதால், ஏறத்தாழ 400 எழுத்து நீளமுள்ள, ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அமர்வதைப் போல ஓரங்களில் ஏறிக்கிடக்கும் சுமார் நூறு துண்டுகளாக அதைப் பெருக்குவார்கள். ஒவ்வொருவரின் மாதிரிக்கும் ஓர் அடையாளத் துணுக்கை ஒட்டி, பலருடையதை ஒன்றாகக் கலந்து இயந்திரத்தில் ஏற்றுவார்கள். ஒவ்வோர் இடமும் பல நூறு முறை படிக்கப்பட்டு, கணினியில் மூலப் பிரதியோடு பொருத்தப்பட்டு, பெரும்பான்மை எந்த எழுத்தைச் சொல்கிறதோ அது அந்த இடத்தின் எழுத்தாக ஏற்கப்படும்.

படிக்க முடியாத இடங்களில் என் (N) என்ற ஆங்கில எழுத்தைப் போடுவார்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுவது இந்த என்தான். இங்கே மாற்றம் இல்லை என்று அது சொல்வதில்லை. இங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியவில்லை என்று சொல்கிறது. 2021-இல் டெல்டா பரவியபோது, ஓடுகளைப் பெருக்கப் பயன்படும் பிரைமர் துணுக்குகள் ஒட்ட வேண்டிய இடத்திலேயே மாற்றங்கள் விழுந்திருந்ததால் சில ஓடுகள் காணாமல் போயின. வரிசையில் வரிசையாக என்கள் நின்றன. பிரைமர்களைத் திருத்தி அமைத்தார்கள். ஓமிக்ரான் வந்தபோது மறுபடியும் திருத்த வேண்டியிருந்தது. குப்பி சூடாகிப் போய்ச் சேர்ந்தாலும் இதே என்கள்தான் பெருகும். மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போதே குளிர்க்கட்டி உருகிவிட்ட ஒரு பெட்டியின் முடிவுகளில், பாதி மரபணு என்களாகவே திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி.1.617.2 என்பது ஒரு வம்சாவளி: பி-யின் மகன் பி.1, அதன் 617-ஆவது பிள்ளை, அதன் இரண்டாவது பிள்ளை. மூன்று தலைமுறை எண்களுக்கு மேல் நீண்டால் புதிய எழுத்தைக் கொடுத்துச் சுருக்குகிறார்கள், பி.1.1.529-இன் முதல் பிள்ளை பிஏ.1 ஆனதும், பிஏ.2.86.1-இன் பிள்ளை ஜேஎன்.1 ஆனதும் அப்படித்தான். இரண்டு வகைகள் ஒரே உடலில் சந்தித்துக் கலந்து பிறந்தவற்றுக்கு எக்ஸ் என்று தொடங்கும் பெயர். கிரேக்க எழுத்துகளை உலக சுகாதார நிறுவனம் 2021 மே 31-ஆம் தேதி அறிவித்தது. ஒரு நாட்டின் அல்லது ஊரின் பெயரை நோயோடு ஒட்டிவிடக் கூடாது என்பது அதற்கு முக்கியமான காரணம். சீசனை நம்பி வாழும் ஊரில் இருப்பவனுக்கு இந்தக் காரணம் நன்றாகவே விளங்கும். ஓமிக்ரானை 2021 நவம்பர் 24-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொன்ன தென்னாப்பிரிக்காவுக்குச் சில நாட்களுக்குள் விமானங்கள் நிறுத்தப்பட்டன. நன்றாகப் பார்த்து, நேர்மையாகச் சொன்னவர்களுக்குக் கிடைத்தது அதுதான். ஊட்டியில் புதிய வகை என்று ஒரு தொலைக்காட்சி வரி ஓடினால் எத்தனை அறைகளின் முன்பதிவு ரத்தாகும் என்ற அச்சத்தில், மாதிரி அனுப்புவதையே குறைத்துக்கொள்ளலாமே என்று பேசியவர்களை நான் அறிவேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்தப் பேச்சை அன்றும் எதிர்த்தேன், இன்றும் எதிர்ப்பேன்.

தமிழ்நாட்டில் முதல் ஓமிக்ரான் தொற்று 2021 டிசம்பர் 15-ஆம் தேதி, நைஜீரியாவிலிருந்து தோஹா வழியாகச் சென்னை வந்த ஒருவரிடம் உறுதியானது. அந்த நாட்களில் ஆய்வகங்களில் எல்லாரும் பேசியது எஸ் ஜீன் டிராப் பற்றித்தான். சில சோதனைக் கருவிகள் தேடும் மூன்று இடங்களில் ஒன்று ஸ்பைக் மரபணுவில் இருக்கிறது. ஓமிக்ரானில் அந்த இடத்திலிருந்து ஆறு எழுத்துகள் விடுபட்டிருந்ததால் மற்ற இரண்டும் தெரிய, அது மட்டும் தெரியாமல் போகும். முழு மரபணுவையும் படிக்க நாள் கணக்கில் ஆகும் என்றால், இந்தச் சைகை சில மணி நேரத்திலேயே கிடைத்துவிடும். டிசம்பர் 23-ஆம் தேதி ஒரே நாளில் 33 பேருக்கு ஓமிக்ரான் என்று மாநிலம் அறிவித்ததற்கு முன், எஸ் ஜீன் விடுபட்ட மாதிரிகள் முடிவுக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் பின்னால் வந்த பிஏ.2 வகையில் அந்த இடம் விடுபடவில்லை. சைகையை மட்டும் நம்பியிருந்தவர்களின் கண்ணுக்கு அது படவில்லை. குறுக்கு வழி எவ்வளவு உதவினாலும் முழுவதையும் படிக்கும் வேலைக்கு அது ஈடாகாது என்று எங்களுக்குப் புரிந்தது அப்போதுதான்.

2022 ஜனவரியில் அதே லைன் வீடுகளில் மறுபடியும் முகாம் போட்டோம். இந்த முறை அச்சிட்ட ஒட்டுத்தாள், அதன் மேல் பென்சில். பென்சில் எழுத்து நீருக்கும் அழியாது, ஸ்பிரிட்டுக்கும் அழியாது. அந்த அம்மா பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நடந்ததை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். எண் அழிந்துபோனதையும், அதனால் அவருடையது எந்த வகை என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதுக்கென்ன தம்பி, நான்தான் பொழைச்சுட்டேனே. இந்தப் பையனோடதைப் பாத்து எழுதுங்க" என்றார். மாதிரிகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. மார்ச்சில் முடிவுப் பட்டியல் வந்தது. தனி ஒருவருக்குச் சொல்வதற்கான முடிவு அது இல்லை. சிகிச்சையும் அதனால் மாறாது. ஆனாலும் அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது, உங்கள் லைனில் அப்போது வந்ததெல்லாம் ஓமிக்ரான்தான் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் பட்டியல் என்பது நம்மை ஏமாற்றவும் கூடும். ஒரு மாதத்தில் நம் மாவட்டத்திலிருந்து 60 மாதிரிகள் படிக்கப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். புதிய வகை ஒன்று தொற்றுகளில் 100-க்கு 1 என்ற அளவில் நுழைந்திருந்தால், அந்த 60-இல் ஒன்றுகூடச் சிக்காமல் போவதற்கான வாய்ப்பு 100-க்கு ஏறத்தாழ 55. ஒரு முறையாவது கண்ணில் படும் என்று 100-க்கு 95 அளவுக்கு உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் சுமார் 300 மாதிரிகள் வேண்டும். 2011 கணக்குப்படி 7,35,394 பேர் மட்டுமே வாழும் சிறிய மாவட்டத்திலிருந்து ஒரு மாதத்தில் 300 நல்ல மாதிரிகளைத் திரட்டுவது, அலை உச்சத்தில் இருக்கும்போது மட்டுமே நடக்கும். வகை நுழைகிற அமைதியான மாதங்களில் நடக்காது. ஆகவே இங்கே எதுவும் கண்டறியப்படவில்லை என்று எழுதப்பட்டிருப்பதை, இங்கே எதுவும் இல்லை என்று படிக்கக் கூடாது.

கூடலூரையும் பந்தலூரையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீலகிரி, கேரளமும் கர்நாடகமும் தொட்டுக்கொண்டிருக்கும் மாவட்டம். நாடுகாணி, சோலாடி, பாட்டவயல், தாளூர், கக்கநல்லா என்று சோதனைச் சாவடிகள் வரிசையாக உண்டு. 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோதும், கொரோனாவின்போதும் அங்கே நின்று நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்த அனுபவம் எங்கள் துறையில் பலருக்கு உண்டு. பந்தலூர்க்காரர் ஒருவருக்குக் காய்ச்சல் முற்றினால், ஊட்டிக்கு மலை ஏறி வருவதை விடச் சுல்தான் பத்தேரிக்குப் போவது எளிது. அங்கே எடுக்கப்படும் மாதிரி வயநாட்டின் கணக்கில் சேர்கிறது. அது படிக்கப்பட்டாலும் எங்கள் பட்டியலில் வராது. மைசூருக்குப் போகிறவர்களும் அப்படியே. ஆக, வெளி மாநிலத்துப் போக்குவரத்து அதிகமுள்ள, புதிய வகை முதலில் நுழையக்கூடிய அந்த இரண்டு தாலுகாக்களில்தான் எங்கள் பார்வை மிகவும் மங்கல். மாதிரிப் படிவத்தில் எடுத்த இடம் என்ற கட்டத்தோடு, வசிக்கும் ஊர் என்ற கட்டத்தையும் தவறாமல் நிரப்பி, மூன்று மாநிலங்களும் அதைப் பகிர்ந்துகொண்டால் இது பெருமளவு சரியாகும். அதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம்.

மனிதர்களோடு கண்காணிப்பு நின்றுவிடவும் இல்லை. 2021 ஜூனில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்குத் தொற்று ஏற்பட்டு 9 வயதுச் சிங்கம் ஒன்று இறந்தது. போபாலில் மரபணுவைப் படித்துப் பார்த்ததில் அது டெல்டா என்று தெரிந்தது. சிங்கம் இறந்ததை அடுத்து எங்கள் முதுமலையில், தெப்பக்காடு முகாமின் 28 யானைகளுக்கும் தும்பிக்கையிலிருந்தும் ஆசனவாயிலிருந்தும் மாதிரி எடுத்து, உத்தரப் பிரதேசத்து இசத்நகரில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். எதற்கும் தொற்று இல்லை. பாகன்கள் குடும்பத்தோடு யானைகளின் பக்கத்திலேயே வாழ்கிறவர்கள் என்பதால், அந்த முடிவு வரும் வரை முகாமில் இருந்த கவலை சிறியதாக இருந்திருக்காது.

சோதனைக்கு மக்கள் வராத காலத்திலும் கண்காணிப்பு நடக்க வேண்டுமென்றால் கழிவுநீரைப் பார்க்கலாம். தொற்றுள்ளவரின் மலத்தில் வைரஸின் மரபணுத் துண்டுகள் வெளியேறுகின்றன. ஊட்டியில் இதற்குக் காந்தல் சுத்திகரிப்பு நிலையம் பொருத்தமான இடம். ஆனால் கிராமங்களிலும் தோட்டங்களிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தொட்டி அல்லது அதுவும் இல்லை என்ற நிலையில், இந்த வழி நகரத்தை மட்டும்தான் காட்டும். கிராமத்துக்கு இன்னமும் குச்சியும் குப்பியும்தான்.

இப்போது நிலைமை என்னவென்றால், யாரும் சோதனைக்கு வருவதில்லை. 2025 ஏப்ரலில் என்பி.1.8.1 என்ற வகை தமிழ்நாட்டில் ஒரே ஒரு மாதிரியில் கண்டறியப்பட்டதாக இன்சாகாக் தரவு சொன்னது. அந்த ஒன்று என்ற எண்ணை வைத்துக்கொண்டு, நோய் பரவவில்லை என்று சிலர் ஆறுதல் அடைந்தார்கள், வேறு சிலர் பதறினார்கள். எத்தனை மாதிரிகளைப் படித்ததில் ஒன்று என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

குன்னூரில் 1907-ஆம் ஆண்டு முதல் பாஸ்டர் நிறுவனம் இயங்குகிறது. வெறிநாய்க்கடிக்கு மருந்து தேடித் தென்னிந்தியர்கள் மலையேறி வந்த காலம் உண்டு. நோயை அறிகிற வேலை இந்த மலைக்குப் புதிதல்ல. ஆகவே நான் மேலதிகாரிகளிடம் எழுதிக் கேட்டிருப்பது பெரிய கட்டடம் எதையும் அல்ல. உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்ற ஆறு தாலுகாக்களிலும் ஒவ்வொரு மருத்துவமனையைக் குறித்துக்கொண்டு, காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலுமாக வருவோரிடம் மாதந்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில், நோய் தொடங்கி மூன்று நாட்களுக்குள் மாதிரி எடுக்க வேண்டும். அவை கொரோனாவுக்கும் இன்ஃபுளுவென்சாவுக்கும் சேர்த்தே சோதிக்கப்பட வேண்டும். பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் போகும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் எப்போதும் நான்கு குப்பிகளும் ஒரு குளிர்ப்பெட்டியும் இருக்க வேண்டும். படித்த முடிவு, எடுத்தவரின் கைக்கு ஊர் வாரியாகத் திரும்பி வர வேண்டும். இதுவரை இரண்டு தாலுகாக்களுக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது. பந்தலூர் அதில் ஒன்று. அங்கிருந்து முதல் பெட்டி அடுத்த திங்கட்கிழமை காலைப் பேருந்தில் வருகிறது. ஊட்டிப் பேருந்து நிலையத்தில் நானே போய் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்.